மலை எங்கே, கடல் எங்கே: ஓர் அரூப நிலக்காட்சியைப் பொருள்கொள்வது பற்றி

அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃப்ராங்கென்தாலர் 1952இல் வரைந்த ‘மலைகளும் கடலும்’ என்ற ஓவியத்தின் படத்தைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். இதில் மலை எங்கே, கடல் எங்கே என்பது முதல் கேள்வி. தலைப்பை எடுத்துவிட்டால் இதை நிலக்காட்சி என்று சொல்வதற்கு ஓவியத்துக்குள் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்பது இரண்டாவது. அரூப ஓவியத்துக்கு, அதாவது பொருள்களின் உருவத்தை அப்படியே காட்டாத ஓவியத்துக்கு, அவரவர் தமக்குத் தோன்றியதைப் பொருளாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றால், பொருள்கொள்வது என்ற முயற்சியே தேவையில்லையே என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்விதான் கனமானது. ஆனால் அதற்குப் பொதுப்படையாகப் பதில் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே ஓர் ஓவியத்தின் முன் நெடுநேரம் நின்று, அங்கிருந்து அந்தப் பதிலை நோக்கி நகர்வதுதான் சரியென்று நினைக்கிறேன். நீங்கள் எடுத்துக்கொண்ட ஓவியம் அதற்கு மிகவும் பொருத்தமானது.

கண்ணுக்குத் தெரிவதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ ஏழடி உயரமும் பத்தடி அகலமும் கொண்ட ஒரு துணி. அதில் கணிசமான பகுதி வண்ணம் படாமல் வெறுமையாகவே இருக்கிறது. நடுப்பகுதியில் இளஞ்சிவப்பும் வெளிர்பச்சையும் மங்கிய நீலமும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தும், ஒன்றின் ஓரத்தில் இன்னொன்று கசிந்தும், குவியலாக மேலெழுகின்றன. வலப்பக்கம் நீலம் கிடைமட்டமாகப் பரந்து கிடக்கிறது. வண்ணங்களுக்கு ஊடாக மெல்லிய கரிக்கோடுகள் ஓடுகின்றன. சில இடங்களில் அவை வண்ணத்தைத் தொடுகின்றன, சில இடங்களில் தனியாகவே நின்றுவிடுகின்றன. ஆங்காங்கே துளிகளும் தெறிப்புகளும் உண்டு. கெட்டியாகப் பூசிய வண்ணம் எங்குமே இல்லை. பார்த்தவுடன் நீர்வண்ணம் என்று தோன்றும். உண்மையில் இது எண்ணெய் வண்ணம்.

இந்த விவரணையிலிருந்தே உங்கள் முதல் கேள்விக்கு ஒரு பதிலைச் சொல்லிவிடலாம்: மேலெழும் குவியல் மலை, படுத்துக் கிடக்கும் நீலம் கடல். இப்படிச் சொல்வதில் தவறொன்றும் இல்லை. தலைப்பைப் படித்த எவருக்கும் அதுதான் தோன்றும். ஆனால் அத்துடன் நின்றுவிட்டால் நாம் செய்தது மேகத்தில் யானையைக் கண்டுபிடிக்கும் வேலையே ஆகும். மேகம் யானையாகத் தெரிவதற்கு மேகம் பொறுப்பல்ல. ஓவியத்தில் உள்ள ஒவ்வொரு தடமும் ஒருவருடைய கை எடுத்த முடிவு, அல்லது அந்தக் கை அனுமதித்த ஒரு தற்செயல். ஆகவே ‘எது மலை’ என்று கேட்டபின், ‘இந்த மலை ஏன் இந்த விதத்தில் எழுகிறது, இந்தக் கடல் ஏன் துணிக்குள் ஊறிக் கிடக்கிறது’ என்று அடுத்துக் கேட்டாக வேண்டும். பொருள்கொள்ளுதல் அந்த இரண்டாம் கேள்வியில்தான் தொடங்குகிறது.

அதற்கு இந்த ஓவியம் உருவான விதம் தெரிய வேண்டும். 1952ஆம் ஆண்டுக் கோடையில் ஃப்ராங்கென்தாலர் கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நோவா ஸ்கோஷாவுக்கும் அதைச் சேர்ந்த கேப் பிரெட்டன் தீவுக்கும் போனார். காடடர்ந்த குன்றுகள் அட்லாண்டிக் கடலின் விளிம்பிலிருந்தே உயர்ந்து நிற்கும் நிலம் அது. அங்கே அவர் வெளியில் அமர்ந்து சிறிய நீர்வண்ண ஓவியங்களை வரைந்தார். நியூயார்க்குக்குத் திரும்பி, அக்டோபர் 26ஆம் தேதி, தம்முடைய பணிக்கூடத்தின் தரையில் துணியை விரித்து இந்த ஓவியத்தைச் செய்தார். அப்போது அவருக்கு வயது 23. எதிரே மலையும் இல்லை, கடலும் இல்லை. அந்த நிலக்காட்சிகள் தம் கைகளுக்குள் இருந்தன என்ற பொருளில் அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். கண்களில் இருந்தன என்று சொல்லாமல் கைகளில் இருந்தன என்று அவர் சொன்னதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். சில வாரங்கள் ஓரிடத்தின் சரிவுகளையும் விளிம்புகளையும் திரும்பத் திரும்ப வரைந்த கைக்கு அந்தச் சரிவின் வேகமும் அந்த விளிம்பின் வளைவும் பழகிப்போயிருக்கும். ஓவியத்தில் நாம் காண்பது அந்தப் பழக்கத்தின் தடம். மலையின் உருவத்தைத் தேடுவதைவிட, ஏறும் கோட்டின் வேகத்தைப் பின்தொடர்வது பலன் தரும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

அடுத்தது துணி. இதில் சற்று விரிவாக நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் இந்த ஓவியத்தின் பொருளில் பாதி துணியில்தான் இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் வரைவோர் வழக்கமாக கேன்வாஸின்மீது முதலில் பசையும் பிறகு வெள்ளை அடிப்பூச்சும் இடுவார்கள். அந்த அடிப்பூச்சு எண்ணெய் துணிக்குள் இறங்காமல் தடுக்கிறது. வண்ணம் மேலே ஒரு தோல்போல நிற்கிறது. ஃப்ராங்கென்தாலர் அடிப்பூச்சு இடாத பருத்தித் துணியை எடுத்துக்கொண்டு, எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் மிகவும் நீர்க்கக் கரைத்து அதன்மேல் ஊற்றினார். வண்ணம் நூலுக்குள் இறங்கிவிட்டது. வேட்டியில் பட்ட மஞ்சள் கறையைத் துணியிலிருந்து பிரித்தெடுத்துக் காட்ட முடியாதல்லவா, அதுபோல இந்த ஓவியத்தில் வண்ணம் என்றும் துணி என்றும் இரண்டு அடுக்குகள் கிடையாது. டர்பன்டைன் ஆவியாகும்போது எண்ணெய் மட்டும் வண்ணத்தின் எல்லையைத் தாண்டிக் கசிந்து, ஒவ்வொரு வண்ணப்பரப்பைச் சுற்றியும் ஒரு வெளிறிய வளையத்தை உண்டாக்கியது. ஓவியரின் கை நின்ற இடத்துக்கு அப்பாலும் வண்ணம் சிறிது தூரம் தானாகவே நடந்து போயிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கெட்டியான காடாத் துணி ஒரு முழம் வாங்குங்கள். ஒரு பாதிக்கு வெள்ளை அடிப்பூச்சு இட்டுக் காயவையுங்கள். மறு பாதியை அப்படியே விடுங்கள். சன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு, டர்பன்டைனில் கரைத்த ஒரே நீலத்தை இரண்டு பாதியிலும் ஒரு கரண்டி அளவு ஊற்றுங்கள். அடிப்பூச்சின்மேல் அந்த நீலம் தேங்கி நிற்கும், ஓரம் தெளிவாக இருக்கும், தூரிகையால் அதை நகர்த்தலாம், துடைக்கலாம். வெறுந்துணியில் அது சில நொடிகளில் உள்ளே போய்விடும். அதன்பின் நீங்கள் நினைத்தாலும் திருத்த முடியாது. மறுநாள் பார்க்கும்போது நீலத்தைச் சுற்றி எண்ணெயின் விளிம்பு தெரியும். மாணவர்களிடம் நான் இதைச் செய்துபார்க்கச் சொல்வது வழக்கம். அதன்பின் ‘மலைகளும் கடலும்’ ஓவியத்தின் படத்தைக் காட்டினால், ‘இது என்ன’ என்று அவர்கள் கேட்பது குறைந்து, ‘எப்படித் துணிந்தார்’ என்று கேட்கத் தொடங்குகிறார்கள்.

இப்போது இந்தச் செய்முறையைக் காட்சியோடு இணைத்துப் பாருங்கள். ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியம் பல நூற்றாண்டுகளாகத் தூரத்தை உண்டாக்குவதற்கு வண்ணத்தின் அடுக்குகளைப் பயன்படுத்தியது. முன்னிலம் கனமாகவும் வெம்மையாகவும் இருக்கும். தொலைவு மெலிந்து நீலமாகும். பார்வையாளர் ஒரு சன்னல் வழியாகப் பார்ப்பதுபோல உள்ளே உள்ளே போவார். ஊறிப்போன வண்ணத்தில் அந்தச் சன்னல் மூடிவிடுகிறது. நீலமும் இளஞ்சிவப்பும் வெறுந்துணியும் ஒரே தளத்தில் இருக்கின்றன. ஆனாலும் அந்த நீலம் மெல்லியதாகவும் கிடையாகவும் இருப்பதால் நம் கண் அதைத் தொலைவாகவே வாசிக்கிறது. ஒரு கணம் அது வெகு தூரத்தில் இருக்கும் தண்ணீர், மறுகணம் மூக்கருகே இருக்கும் துணியில் ஒரு நீலக்கறை. இவ்விரண்டில் எது சரி என்று தீர்மானிக்க ஓவியம் இடம் கொடுப்பதில்லை. பார்த்து முடித்த ஓர் இடத்தை நினைவுகூரும்போது நமக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுதான்: அந்த இடம் எதிரே இல்லை, ஆனால் நம்மைவிட்டு விலகியும் இல்லை. இந்த ஓவியத்தை நிலத்தின் சித்திரம் என்று சொல்வதைவிட நினைவில் உள்ள நிலத்தின் நிலைமை என்று சொல்வதே பொருந்தும் என்பது என் வாசிப்பு. இந்த வாசிப்புக்கு நான் காட்டும் ஆதாரம் ஓவியரின் வாழ்க்கைக் குறிப்பு மட்டுமல்ல, துணியில் ஊறிய நீலமும்கூட.

கரிக்கோடுகளையும் இதே விதத்தில் விசாரிக்க வேண்டும். அவர் முதலில் கரியால் சில கோடுகளை இழுத்துக்கொண்டு, அதன்பின்தான் வண்ணத்தை ஊற்றினார். வழக்கமான ஓவியத்தில் கோடு எல்லையை வகுக்கும், வண்ணம் அந்த எல்லைக்குள் நிரம்பும். இங்கே வண்ணம் கோட்டின் சொல்லைக் கேட்பதில்லை. ஓரிடத்தில் அதைத் தாண்டிப் போகிறது, இன்னோரிடத்தில் அதை எட்டாமலே நின்றுவிடுகிறது. கோட்டை அழித்துவிடவும் அவர் முயலவில்லை. திட்டமிட்டதும் நடந்ததும் ஆகிய இரண்டும் ஒரே பரப்பில் அருகருகே நமக்குக் காணக் கிடைக்கின்றன. அந்தக் கோடுகள் மலையின் வெளிவிளிம்பு என்று கொள்வோர் உண்டு. சில கோடுகளுக்கு அது பொருந்தும். சில கோடுகள் எதன் விளிம்பாகவும் இல்லாமல் கையின் வீச்சாக மட்டுமே இருக்கின்றன, அவற்றை வலிந்து மரமாகவோ பாறையாகவோ ஆக்கத் தேவையில்லை.

நீங்கள் பார்த்தது கைப்பேசித் திரையில் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அங்கே இழப்பது அளவை. பத்தடி அகலத் துணியைத் தரையில் விரித்து வேலை செய்பவர் அதைச் சுற்றி நடக்க வேண்டும், குனிய வேண்டும், கை எட்டாத இடத்துக்காகத் துணியின்மீதே சாய வேண்டும். தரையில் கிடக்கும் துணிக்கு மேல், கீழ் என்பது இல்லை. நான்கு பக்கமும் சமம். அதைச் சுவரில் நிறுத்தும்போதுதான் ஒரு பக்கம் வானமாகவும் ஒரு பக்கம் தரையாகவும் ஆகிறது. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று ஓவியர் எடுத்த முடிவே இந்த ஓவியத்தின் முதல் பொருள்கோள் என்று சொல்லலாம். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். குவியல் எழாமல் தொங்கும். நீலம் கிடையாகவே இருந்தாலும் தண்ணீருக்குரிய கனம் அதனிடம் இருக்காது. உங்கள் இரண்டாம் கேள்விக்கு இது ஒரு பகுதி விடை. எடையின் திசை, கிடைக்கோட்டின் அமைதி, எழுச்சியும் பரப்பும் ஒன்றையொன்று சமன்செய்யும் விதம் ஆகியவை தலைப்பைப் படிப்பதற்கு முன்பே பார்வையாளரை நிலம், நீர் என்ற திசையில் கொண்டுபோகின்றன. தலைப்பு மறைக்கப்பட்டால் ‘மலை’ என்ற சொல் நமக்குக் கிடைக்காமல் போகலாம், ஆனால் ஏதோ ஒன்று எழுகிறது, ஏதோ ஒன்று பரந்து கிடக்கிறது என்பது கிடைத்தே தீரும்.

தலைப்பையும் அலட்சியப்படுத்தக் கூடாது. ஓவியம் முடிந்தபின் பெயர் வைப்பதே ஃப்ராங்கென்தாலரின் வழக்கம். எனவே அது வரையும்போது பின்பற்றிய கட்டளை ஆகாது, வரைந்து முடித்ததைப் பார்த்துவிட்டு அவரே செய்த வாசிப்பு. அதில் கேப் பிரெட்டன் என்ற பெயர் இல்லை. மலைகள் பன்மையில் இருக்கின்றன, கடல் ஒருமையில் இருக்கிறது. எந்த ஊர், எந்தக் கரை என்று சொல்லாத அந்தத் தலைப்பு, ஓவியத்தை ஓரிடத்தின் அடையாளமாக வாசிக்க வேண்டாம் என்று நம்மைத் தடுப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே அந்தத் தீவின் புகைப்படங்களைத் தேடியெடுத்து, ‘இதோ இந்தக் குன்றுதான் அந்த இளஞ்சிவப்பு’ என்று பொருத்திப் பார்க்கும் ஆர்வத்தை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

இந்த ஓவியத்தை மற்றவர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரே பரப்பிலிருந்து எவ்வளவு வேறுபட்ட பொருள்கள் எடுக்கப்பட்டன என்பது உங்கள் மூன்றாம் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது. 1953இல் விமர்சகர் கிளமென்ட் கிரீன்பெர்க், வாஷிங்டனிலிருந்து வந்த மோரிஸ் லூயிஸ், கென்னத் நோலண்ட் ஆகிய இரு ஓவியர்களை ஃப்ராங்கென்தாலரின் பணிக்கூடத்துக்கு அழைத்துச் சென்று இதைக் காட்டினார். அவர்களுக்கு மலையும் முக்கியமாகப் படவில்லை, கடலும் முக்கியமாகப் படவில்லை. வண்ணமும் துணியும் ஒன்றாகிவிட்ட அந்தச் செய்முறைதான் அவர்களைப் பற்றிக்கொண்டது. அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொலாக்குக்கும் இனிச் செய்யக்கூடியதற்கும் நடுவே ஃப்ராங்கென்தாலர் ஒரு பாலமாக இருந்தார் என்று லூயிஸ் கூறியது கலை வரலாற்றில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. பொலாக்கும் தரையில் விரித்த துணியில்தான் வேலை செய்தார். 1951இல் அவர் செய்த கறுப்பு ஓவியங்களில் வண்ணம் வெறுந்துணியில் ஊறவும் செய்தது. அந்த வழியை நீர்த்த, ஒளிகொண்ட பல வண்ணங்களுக்குத் திறந்துவிட்டது ஃப்ராங்கென்தாலரின் சாதனை. லூயிஸும் நோலண்டும் அதை எடுத்துக்கொண்டு போன திசையில் நிலக்காட்சி முற்றிலும் மறைந்து வண்ணம் மட்டுமே மிஞ்சியது.

இந்த வாசிப்பு ஓவியத்தின் ஒரு பெரும் உண்மையைப் பிடித்திருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு விலையையும் கொடுத்திருக்கிறது. இதை அடுத்து வந்த ஓர் இயக்கத்தின் தொடக்கம் என்று மட்டும் வாசித்தால், இது ஏன் குறிப்பாக ‘மலைகளும் கடலும்’ ஆக இருக்க வேண்டும் என்ற கேள்வியே எழாமல் போகிறது. கரிக்கோடுகளுக்கும் அந்த வாசிப்பில் இடமில்லை.

இன்னொரு வகை வாசிப்பு அவர் பெண் என்பதிலிருந்து தொடங்கியது. மென்மை, கசிவு, இளஞ்சிவப்பு என்று அடுக்கி, இதைப் பெண்ணுடலின் வெளிப்பாடாக விளக்கினார்கள். சிலர் அதைப் பாராட்டாகச் சொன்னார்கள், சிலர் குறைத்து மதிப்பிடச் சொன்னார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காரணம் எளியது. பின்னாளில் மோரிஸ் லூயிஸ் இதே விதமாக, இன்னும் அதிக நீர்மையோடு, துணியில் வண்ணத்தை வழியவிட்டார். அங்கே எவரும் கசிவை ஆணுடலோடு இணைத்து அவ்வளவு எளிதாகப் பேசவில்லை. ஒரே தடம் ஒருவரிடத்தில் செய்முறையாகவும் இன்னொருவரிடத்தில் உடலாகவும் வாசிக்கப்பட்டால், அந்தப் பொருள் தடத்திலிருந்து வரவில்லை, பார்ப்பவர் கையோடு கொண்டுவந்தது என்பது தெளிவாகிவிடுகிறது.

தமிழ் வாசகர்களிடம் இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லத் தோன்றுகிறது. மலை, கடல் என்றவுடன் நம்மில் பலருக்குக் குறிஞ்சியும் நெய்தலும் நினைவுக்கு வருகின்றன, கூடலும் இரங்கலும் பின்னாலேயே வருகின்றன. நிலம் வெறும் பின்புலமாக இல்லாமல் உணர்வையே சுமக்கக்கூடும் என்பதைத் திணை மரபு நமக்கு இளமையிலேயே பழக்கிவிட்டது. அரூப நிலக்காட்சியைக் காணும் கண்ணுக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் திணையில் இந்த நிலத்துக்கு இந்த உரிப்பொருள் என்பது புலவரும் கேட்போரும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட ஒரு மரபு. ஃப்ராங்கென்தாலருக்கும் அவருடைய பார்வையாளருக்கும் இடையே அப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் இல்லை. இளஞ்சிவப்பு என்றால் இந்த உணர்வு, நீலம் என்றால் அந்த உணர்வு என்று ஓர் அகராதியை எடுத்துக்கொண்டு போனால் ஓவியம் நமக்குப் பிடிகொடுக்காது. அதன் உறவுகளை அதன் உள்ளேயிருந்துதான் கண்டெடுக்க வேண்டியிருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்குப் பெரிதும் உதவும். பியெட் மோந்த்ரியான் 1914, 1915ஆம் ஆண்டுகளில் டச்சுக் கடற்கரையில் உள்ள டோம்பர்க் என்ற இடத்தின் அலைதாங்கித் தூண்களையும் கடலையும் வரைந்தார். அந்த வரிசையின் இறுதி ஓவியத்தில் ஒரு நீள்வட்டத்துக்குள் குறுகிய கிடைக்கோடுகளும் செங்குத்துக் கோடுகளும் தவிர வேறொன்றும் இல்லை. அலைமேல் மினுங்கும் ஒளியிலிருந்து தற்காலிகமான அனைத்தையும் ஒவ்வொன்றாக நீக்கி, மாறாத ஓர் ஒழுங்கை அவர் தேடினார். நிக்கோலா த ஸ்தால் 1953இல் சிசிலித் தீவுக்குப் போய்வந்தபின் அக்ரிஜென்தோ நகரின் பெயரால் ஒரு வரிசையை வரைந்தார். அங்கே வண்ணம் கத்தியால் அப்பிய பாளங்களாகத் தடித்து நிற்கிறது. வானம் நீலமாக இருக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அவரும் பெரும்பாலானவற்றைப் பயணம் முடிந்தபின், பிரான்ஸில் இருந்துகொண்டே வரைந்தார். ஃப்ராங்கென்தாலரும் த ஸ்தாலும் ஓரிடத்துக்குப் போய்வந்து நினைவிலிருந்து வரைந்தவர்கள், முன்னவர் நினைவு துணிக்குள் ஊறியது, பின்னவர் நினைவு துணியின்மேல் திரண்டு நின்றது. அந்த வேறுபாட்டைப் பார்த்தபின் ஃப்ராங்கென்தாலரின் மெலிவு ஒரு குறைபாடாகவோ இயல்பான மென்மையாகவோ தோன்றாது. அவருக்கு இருந்த பல வழிகளுள் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தது தெரியும்.

நம் நாட்டில் ராம் குமாரின் காசி ஓவியங்களை இதனோடு வைத்துப் பார்க்கலாம். அவர் 1960இல் எம். எஃப். உசேனுடன் காசிக்குப் போனார். அதற்கு முன்பு அவருடைய ஓவியங்களில் நகரத்து மனிதர்களின் சோர்ந்த முகங்கள்தாம் மையமாக இருந்தன. காசிக்குப் பின் மனித உருவங்கள் அவருடைய கேன்வாஸிலிருந்து நீங்கிவிட்டன. இரவும் பகலும் மனிதர் மொய்க்கும் ஒரு நகரம், ஆளில்லாத சாம்பலும் பழுப்புமான வீடுகளின் நெரிசலாகவும் பின்னர் சரிந்தோடும் நிலத்துண்டுகளாகவும் மாறியது. அங்கே பார்வையாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘இது எந்தப் படித்துறை’ என்பதாக இருக்க முடியாது. ‘ஆட்கள் எங்கே போனார்கள்’ என்பதாகத்தான் இருக்கும். ஒவ்வோர் ஓவியமும் தனக்கான முதல் கேள்வியைத் தானே எழுப்புகிறது. ‘மலைகளும் கடலும்’ எழுப்புவது துணியைப் பற்றிய கேள்வி.

இனி மூன்றாவது கேள்வி. அவரவர்க்குத் தோன்றியதைச் சொல்லலாமா? தோன்றியதிலிருந்து தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். ஒருவருக்கு இதைப் பார்த்தவுடன் தாம் சிறுவயதில் கண்ட கரையோரக் குன்று நினைவுக்கு வரலாம். அது அவருடைய அனுபவம். அதை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அதையே ஓவியத்தின் பொருள் என்று பிறருக்குச் சொல்ல முற்படும்போது அவர் ஒரு பொறுப்பை ஏற்கிறார். ஓவியத்தின் எந்தத் தடம் தம்மை அங்கே கொண்டுபோனது என்று அவர் காட்ட வேண்டும். தம்முடைய வாசிப்புக்கு ஒத்துவராத தடங்கள் எவை என்று தேடிப் பார்க்கவும் வேண்டும். நான் ஒரு வாசிப்பை மதிப்பிடும்போது பார்ப்பது இந்த இரண்டாவதைத்தான். ‘இது புயலின் ஓவியம்’ என்று ஒருவர் சொன்னால், தெறித்த துளிகளை அவர் ஆதாரமாகக் காட்டக்கூடும். ஆனால் வண்ணங்கள் ஒன்றையொன்று மோதாமல் மெல்லத் தொட்டு நிற்பதும், சுற்றிலும் இவ்வளவு வெறுந்துணி மூச்சுவிட இடம் தருவதும் அந்த வாசிப்புக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. அவற்றுக்கு அவர் பதில் சொன்னால் அந்த வாசிப்பு வலுப்பெறும். சொல்ல முடியாவிட்டால் அதைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். நினைவின் நிலைமை என்று நான் மேலே சொன்னதையும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். நினைவு என்றால் மங்கல் என்று நான் எளிதாகக் கொண்டுவிட்டேனா, இந்த ஓவியத்தின் சில பகுதிகள் மிகக் கூர்மையாக, அந்தக் கணத்தில் நிகழ்வனவாக இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். கரிக்கோடுகளைப் பொறுத்தவரை அந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது என்று நானே ஒப்புக்கொள்வேன்.

எத்தனை வாசிப்புகள் சாத்தியம் என்று கேட்டால் பல என்றுதான் சொல்வேன்; எல்லாமே சாத்தியம் என்று சொல்ல மாட்டேன். தடத்தைக் காட்டச் சொல்லும் அந்த ஒரு நிபந்தனை, வாசிப்புகளை வடிகட்டிக்கொண்டே இருக்கிறது.

கடைசியாக ஒரு தடத்தைப் பற்றிச் சொல்லி நிறுத்துகிறேன். உங்கள் கடிதத்தில், வண்ணம் படாத அந்த இளம்பழுப்பு வெளி மணற்கரையாகவோ காலைப் பனியாகவோ இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். அடிப்பூச்சு இல்லாத பருத்தித் துணி ஆண்டுகள் செல்லச் செல்ல நிறம் கறுக்கும். அதில் ஊறிய எண்ணெய் தான் பட்ட இடத்தை மேலும் மஞ்சளாக்கி நூலையும் நலிவடையச் செய்யும். இதற்கு 70 ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. 1952 அக்டோபரில் ஃப்ராங்கென்தாலர் தரையில் விரித்தபோது அந்தத் துணி இன்றைக்கு நாம் காண்பதைவிட வெளிறியதாக இருந்திருக்கும், வண்ணங்களைச் சுற்றியுள்ள எண்ணெய் வளையங்களும் இவ்வளவு துலங்கியிருக்காது. 1960களில் அவர் எண்ணெயை விட்டு அக்ரிலிக் வண்ணத்துக்கு மாறினார். அதில் இந்த வளையம் உண்டாவதில்லை. நீங்கள் மணல் என்று வாசித்த அந்த வெம்மையான பழுப்பில் ஒரு பகுதியையாவது அவர் பார்த்திருக்கவே மாட்டார். அதனால் உங்கள் வாசிப்பைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மணலைப் பற்றி எழுதும்போது, அந்த நிறத்தில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு துணியின் முதுமையுடையது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.